பாஸ்போர்ட் வந்த கதை: ஒரு பழைய டீச்சரின் குறிப்பு

பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என் தங்கை பேத்திக்குப் புதுப் பாஸ்போர்ட் எடுக்க, நம் தாம்பரம் பாஸ்போர்ட் சேவா மையத்துக்குத் துணையாகப் போயிருந்தேன். டோக்கன் வாங்கி, மூன்று கவுண்டர் தாண்டி, போட்டோ பிடித்து, கைரேகை வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிட்டோம். அந்தக் காலத்தில் இதற்காக நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனுக்கு விடியற்காலையில் போய் வரிசையில் நிற்பார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வருகிறவர்கள் எல்லோர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், டி.சி. அந்த டி.சி.யைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சரித்திரம்.

பாஸ்போர்ட் என்பது ஏதோ ஆதிகாலத்திலிருந்து இருப்பதுபோல நாம் நினைக்கிறோம். உண்மையில் இன்று நாம் கையில் வைத்திருக்கும் வடிவத்துக்கு நூறு வயது சொச்சம்தான். முதல் உலகப் போர் நடந்தபோதுதான் நாடுகள் எல்லையை இறுக்கின. போர் முடிந்தும் அந்தக் கட்டுப்பாடு போகவில்லை. 1920இல் சர்வதேச சங்கம் பாரிஸில் ஒரு மாநாடு கூட்டி, எல்லா நாட்டுப் பாஸ்போர்ட்டும் ஒரே மாதிரி 32 பக்கச் சிறு புத்தகமாக இருக்கலாம் என்று பரிந்துரைத்தது. அதே 1920இல் இங்கே ஆங்கிலேய அரசு இந்தியப் பாஸ்போர்ட் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் வெளியே போகிறவனைப் பற்றியது அல்ல, உள்ளே வருகிறவனைப் பற்றியது. 2025இல் புதிய குடியேற்றச் சட்டம் வரும்வரை, அதாவது நூறு வருஷத்துக்கும் மேலாக, அது நடைமுறையில் இருந்தது.

அப்படியென்றால் அதற்கு முன் தமிழன் கடல் கடக்கவில்லையா? கடந்தான், லட்சக்கணக்கில். ஆனால் அவன் கையில் புத்தகம் இல்லை. எண் இருந்தது.

1860இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் போய்ச் சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். அந்த எண்ணுக்கு நேராகப் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் உள்ள தழும்பு என்று பதிந்தார்கள். பெயரை எழுதியவர் காதில் விழுந்த மாதிரி எழுதினார். சொன்னவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, சரியா என்று பார்க்க முடியாது. இன்றைக்கு அவர்களுடைய கொள்ளுப் பேரப் பிள்ளைகள் அந்தப் பட்டியலில் உள்ள எண்ணை வைத்துக்கொண்டுதான் தங்கள் பூர்வீகக் கிராமம் எது என்று தேடுகிறார்கள். ஒரு எழுத்துப் பிழை இருந்தால் ஊரே கிடைக்காது.

அதே தென்னாப்பிரிக்காவில்தான் இந்தியர்கள் எல்லோரும் கைரேகை வைத்துப் பதிவுச் சான்று வாங்க வேண்டும், எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்று டிரான்ஸ்வாலில் சட்டம் வந்தது. 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு மசூதி வளாகத்தில் காந்திஜி தலைமையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சான்றுகளை ஒரு கொப்பரையில் போட்டு எரித்தார்கள். நம் தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்று 1914இல் உயிரை விட்டது அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியில்தான். ஒரு துண்டுக் காகிதம் மனிதனின் மானத்தைக் காக்கவும் செய்யும், கெடுக்கவும் செய்யும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டாம்.

இலங்கைக் கதை இன்னும் நமக்குப் பக்கத்தில் நடந்தது. 1830களுக்குப் பிறகு காப்பித் தோட்டத்துக்கும், பின்னால் தேயிலைத் தோட்டத்துக்கும் திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம், சேலம் பக்கத்திலிருந்து கங்காணிகள் ஆள் கூட்டிப் போனார்கள். ஆரம்பத்தில் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைவரை நடை. வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் ஏராளம். 1904இல் தோட்ட முதலாளிகளின் தொழிலாளர் ஆணையம் ஒன்று திருச்சியில் அமைந்தது. அந்தக் காலகட்டத்தில் வந்ததுதான் 'தகர டிக்கெட்'. சின்ன வட்டமான தகரத் துண்டு. அதில் தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்திருக்கும். அதைக் கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். வழிச் செலவு எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுத வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. சுமை மூட்டைக்கு ரயில்வேயில் கட்டும் அட்டை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் முன்னோர்களின் முதல் பாஸ்போர்ட் அந்தத் தகரம்தான்.

1914இல் பாம்பன் பாலம் திறந்தது. எழும்பூரில் ஏறினால் தாம்பரம், விழுப்புரம் கடந்து தனுஷ்கோடி. அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். மறுபடி ரயிலில் கொழும்பு. ஒரே டிக்கெட். 'போட் மெயில்' என்று பெரியவர்கள் சொல்வது அதைத்தான். காசு உள்ளவர்கள் அப்படிப் போனார்கள். தோட்டத்துக்குப் போகிறவர்களை மண்டபம் முகாமில் இறக்கிவிடுவார்கள். அங்கே சில நாள் ஒதுக்கி வைத்து, அம்மை குத்தி, உடைகளை மருந்து நீரில் அலசி, நோய் இல்லை என்று உறுதியான பிறகுதான் கப்பல். கொரோனா காலத்தில் விமான நிலையத்திலிருந்து நேராகத் தனிமை முகாமுக்குப் போனோமே, அதைத் தமிழர்கள் நூறு வருஷத்துக்கு முன்பே அனுபவித்துவிட்டார்கள்.

இங்கே ஒரு சின்னக் குறிப்பு. நம் கிண்டியில் உள்ள கிங் நிலையம் 1899இல் தொடங்கியதே அம்மைப்பால் தயாரிக்கத்தான். பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று 1980 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அறிவிக்கும் காலம் வரை, வெளிநாடு போகிறவர்கள் பலர் பாஸ்போர்ட்டோடு அம்மை குத்திய சான்றையும் கொண்டுபோக வேண்டியிருந்தது. இன்று ஆப்பிரிக்க, தென் அமெரிக்க நாடுகள் பலவற்றுக்குப் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட வேண்டும். அதற்கும் சென்னையில் கிங் நிலையம்தான் முக்கியமான இடம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும். பிறகு ஆயுளுக்கும் போதும். பயணத்துக்கு முந்தின நாள் ஓடாதீர்கள்.

பர்மாவுக்கு இந்த வேலை எதுவுமே இல்லை. 1937 ஏப்ரல் 1 வரை பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம். சென்னையில் கப்பல் ஏறி ரங்கூனில் இறங்குவது, இன்று நாம் பெங்களூர் போகிற மாதிரி. ஒருநாள் காலையில் கோடு போட்டார்கள், அது வெளிநாடு ஆகிவிட்டது. 1942இல் ஜப்பான் குண்டு போட்டபோது லட்சக்கணக்கானவர்கள் காட்டு வழியில் நடந்தே இந்தியா வந்தார்கள். 1960களில் ராணுவ ஆட்சி வந்து மறுபடியும் துரத்தியது. அப்படி வந்தவர்கள் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே போட்ட கடைகள்தான் பர்மா பஜார். அடுத்த முறை அங்கே பேரம் பேசும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

இலங்கையில் சுதந்திரத்துக்குப் பிறகு நடந்தது இன்னும் கொடுமை. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கைக் குடிமகன் என்று நிரூபிக்க, தகப்பன் அங்கே பிறந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். தகரம் கட்டிப் போனவனிடம் பிறப்புச் சான்றிதழ் எங்கே இருக்கும்? மூன்று தலைமுறை தேயிலை பறித்தவர்கள் ஒரே நாளில் நாடற்றவர்கள் ஆனார்கள். 'கள்ளத்தோணி' என்ற வசைச் சொல் அந்தக் காலத்தில் அவர்கள் மேல் ஒட்டியதுதான். 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். 1974இல் இந்திரா காந்தி காலத்தில் அந்த மீதியை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கணக்குப் பாடத்தில் மாம்பழம் பிரிக்கிற மாதிரி.

ஒப்பந்தம் போட்ட இரண்டே மாதத்தில், 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன் பிறகு ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. அந்தக் கப்பலில்தான் எங்கள் பெரியம்மா குடும்பம் 1970களில் வந்து இறங்கியது. பெரியம்மா பிறந்தது நுவரெலியா பக்கம். இந்தியாவை அதுவரை பார்த்ததே இல்லை. ஆனால் அவர் கையில் இருந்தது இந்தியப் பாஸ்போர்ட். "தாய்நாட்டுக்குத் திரும்பறேன்னு எழுதியிருந்தாங்க. நான் எங்கேடி திரும்பினேன்? இப்பத்தானே வர்றேன்!" என்று எங்களிடம் சொல்லிச் சிரிப்பார். குரோம்பேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சில மாதம் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் என் சித்தி பிள்ளைகளோடு அவர் பிள்ளைகளைச் சேர்க்கப் போனபோது 'பிறந்த ஊர்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தலைமையாசிரியரே யோசித்தாராம்.

சரி, இந்தியாவுக்கு வருவோம். சுதந்திரம் கிடைத்தும் இருபது வருஷம் பாஸ்போர்ட் என்பது அரசாங்கம் மனது வைத்தால் கொடுக்கும் சலுகையாகத்தான் இருந்தது. கொடுக்க மறுத்தால் ஏன் என்று கேட்க முடியாது. சத்வந்த் சிங் சாஹ்னி என்ற வியாபாரி இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1967 ஏப்ரல் 10 அன்று ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் அவர் பக்கம் தீர்ப்பளித்தார்கள். வெளிநாடு செல்வது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும், சட்டம் இல்லாமல் அதைத் தடுக்க முடியாது என்பது தீர்ப்பு. தலைமை நீதிபதி கே.சுப்பாராவ். நம் சென்னையில் வக்கீலாக இருந்து சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானவர். அதன் விளைவாகத்தான் அதே ஆண்டு ஜூன் 24 அன்று பாஸ்போர்ட் சட்டம் பிறந்தது. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும், மேல்முறையீடு உண்டு என்று அதில் வந்தது. 1978இல் மேனகா காந்தி வழக்கில், பாஸ்போர்ட்டைப் பறிமுதல் செய்வதாக இருந்தாலும் நியாயமான முறையில்தான் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் இன்னும் அழுத்திச் சொன்னது. தாம்பரம் கவுண்டரில் நாம் நிமிர்ந்து நின்று கேட்க முடிகிறதென்றால் அதற்குப் பின்னால் இத்தனை பேர் இருக்கிறார்கள்.

1973க்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறியது, வளைகுடாவில் வேலை பெருகியது. நான் பல்லாவரத்தில் பாடம் எடுத்த காலத்தில் மீனம்பாக்கத்தில் ஏறுகிற விமானம் தலைக்கு மேலேயே போகும். அந்தச் சத்தத்தில் பாடம் ஒரு நிமிஷம் நிற்கும். பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடுவார்கள். "டீச்சர், எங்க அப்பா அதுலதான் போனாரு" என்று ஏதாவது ஒரு பிள்ளை சொல்லும். அப்படிப் போகிறவர்கள் ஏமாறக்கூடாது என்று 1983இல் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா போன்ற குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். ஈ.சி.ஆர். என்று சொல்வது அதைத்தான், நம் கிழக்குக் கடற்கரைச் சாலையை அல்ல! பத்தாவது பாஸ் பண்ணு, பண்ணு என்று நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்று இப்போது புரிகிறதா?

இப்போது காரணத்துக்கு வருகிறேன்.

1996 ஜூன் மாதம். ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை என் பொறுப்பு. திரிசூலம் பக்கம் கல்லுடைக்கிற ஒரு தாய் தன் மகனைக் கூட்டி வந்தார். பிறந்த தேதி கேட்டேன். "ஆடி போயி ஆவணியில பொறந்தான் டீச்சர். வருசம் தொண்ணூத்தி ஒண்ணு" என்றார். ஜூலை 31க்குள் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்பது விதி. ஆவணி என்றால் ஒரு மாதம் குறையும். திருப்பி அனுப்பினால் அடுத்த வருஷம் பையன் வருவான் என்று என்ன நிச்சயம்? அம்மாவோடு கல்லுடைக்கப் போய்விடுவான். நான் பேனாவை எடுத்து 2-6-1991 என்று எழுதினேன். அவனுக்கு மட்டும் அல்ல. அந்தக் காலத்தில் எத்தனையோ பள்ளிகளில் பாதி வகுப்புக்குப் பிறந்தநாள் மே, ஜூன் மாதம்தான். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தோம்.

பையன் நன்றாகப் படித்தான். பத்தாவது தேறினான், ஐ.டி.ஐ. முடித்தான். 2014இல் சிங்கப்பூரில் வெல்டர் வேலை. அப்போதைய விதிப்படி 1989 ஜனவரி 26க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் கட்டாயம். தேடிப் பார்த்தால் அரசு மருத்துவமனையில் பிறந்த பதிவு இருந்தது. செப்டம்பர் மாதத் தேதி. மார்க் ஷீட்டிலோ ஜூன் 2. எது சரி என்று கேட்டு விண்ணப்பத்தை நிறுத்தி வைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். காகிதத்தைத்தான் அவர்கள் பார்க்க முடியும். பள்ளிச் சான்றைத் திருத்த அலுவலகம், நோட்டரி, வக்கீல் என்று அவன் அலைந்து முடிப்பதற்குள் அந்த வேலை இன்னொருவனுக்குப் போய்விட்டது. வாங்கிய கடனுக்கு அவன் அம்மா தாலிக்கொடியை அடகு வைத்ததாகக் கேள்விப்பட்டேன். அன்றைக்கு வகுப்பறையில் அந்தத் தாய் சொன்னது சரி. எழுதப் படிக்கத் தெரிந்த நான் எழுதியதுதான் தப்பு. ட்ரூரோ கப்பல் பட்டியல் எழுதிய குமாஸ்தாவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் பேனாதான் ஞாபகம் வரும்.

ஆனால் ஒன்று. மறுபடி அதே ஜூன் மாதம் வந்தால் நான் என்ன செய்வேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். திருப்பி அனுப்பியிருப்பேனா? இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை.

2016 டிசம்பரில் விதி தளர்ந்தது. பிறந்த தேதிக்கு டி.சி., மார்க் ஷீட், ஆதார், பான் என்று வேறு சான்றுகளும் ஏற்கப்பட்டன. இப்போது 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கிற குழந்தைகளுக்கு மறுபடியும் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே. ஆகவே பேரன் பேத்தி எடுத்தவர்கள் கவனியுங்கள்.

கடைசியாக, டீச்சர் வழக்கப்படி கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

1. பிறப்புச் சான்றிதழ், ஆதார், மார்க் ஷீட் மூன்றிலும் பெயரும் தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். இன்றே எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

2. பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது, விரித்து எழுத வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் கிடையாது என்பது பாஸ்போர்ட் படிவத்துக்குத் தெரியாது. ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் விட மாட்டோம் என்று 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்து எத்தனை பேர் தவித்தார்கள்! அப்பா பெயர் கடைசிப் பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. எதற்கும் இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிடுங்கள்.

3. பல நாடுகள் பாஸ்போர்ட் காலாவதி ஆக இன்னும் ஆறு மாதமாவது இருக்க வேண்டும் என்கின்றன. டிக்கெட் போடும் முன் தேதி பாருங்கள்.

4. சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகாதீர்கள். "அங்கே போனதும் மாத்திக்கலாம்" என்று எவன் சொன்னாலும் நம்பாதீர்கள். 2022இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று கூட்டிப் போய் மியான்மரில் மியாவாடியில் அடைத்து இணைய மோசடி செய்ய வைத்தார்களே, அதில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். எல்லோரும் படித்த பிள்ளைகள்.

5. ஏஜெண்டுக்கு உரிமம் இருக்கிறதா என்று ஈ-மைக்ரேட் இணையதளத்தில் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜெண்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். கிண்டியில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. முதலில் அங்கே விசாரியுங்கள்.

6. பாஸ்போர்ட்டை முதலாளியிடம் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். அது இந்திய அரசின் சொத்து, உங்கள் பொறுப்பு. நகல் ஒன்று வீட்டில், ஒன்று போனில் இருக்கட்டும். போன உடனே இந்தியத் தூதரகத்தின் எண்ணைச் சேமித்து வையுங்கள்.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். இரண்டு வருஷம் தாமதமாக சிங்கப்பூர் போனான். அடகு மீட்டான். குரோம்பேட்டையில் சின்னதாக ஒரு வீடும் வாங்கிவிட்டான். போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது மனைவி, கைக்குழந்தையோடு வீட்டுக்கு வந்தான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "அன்னிக்கு நீங்க எழுதலைன்னா நான் பள்ளிக்கூடமே வந்திருக்க மாட்டேன் டீச்சர், விடுங்க" என்றான். அப்புறம் பையிலிருந்து மகளின் பிறப்புச் சான்றிதழை எடுத்து என்னிடம் நீட்டினான். "எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடுங்க."

கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. மறுநாளே நகராட்சி வார்டு அலுவலகத்துக்குப் போய்த் திருத்த மனு கொடுக்கச் சொல்லி அனுப்பினேன்.

நீங்களும் இன்று இரவே பீரோவைத் திறந்து பாருங்கள். சந்தேகம் இருந்தால் எனக்குப் போன் செய்யுங்கள். ரிட்டயர்டு டீச்சருக்கு வேறென்ன வேலை?

எங்கு போனாலும் பத்திரமாகப் போய், பத்திரமாகத் திரும்பி வாருங்கள்.